தண்ணீர்த் தொட்டி மேல் ஏறாமலே டாப் ஆங்கிள் எடுக்கலாம்

தென் மாவட்டக் கல்லூரி ஒன்றில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். பெயர், ஊர், கல்லூரி எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். கடிதத்தின் சாரம் இது:

இறுதியாண்டு ப்ராஜெக்டுக்காகப் பன்னிரண்டு நிமிடக் குறும்படம். கணவரை இழந்த ஒரு பெண், ஊர் வாய்க்குப் பயந்து வாசலில் கோலம் போடுவதையே விட்டுவிட்டவர், மார்கழியில் ஒரு நாள் விடியற்காலையில் யாரையும் கேட்காமல் போடுகிறார். இதில் மேலிருந்து கீழே பார்க்கும் டாப் ஆங்கிள் ஷாட்கள் மூன்று. ஒன்று, கோலம் புள்ளியிலிருந்து வளர்வதை நேர் மேலிருந்து பார்ப்பது. இரண்டு, ஊர்த் தேரோட்டக் கூட்டத்தில் அவர் மட்டும் ஒதுங்கி நிற்பது. மூன்று, படத்தின் கடைசி ஷாட்: நடுத்தெருவில் தனியாக, சின்னதாக நிற்பது.

இதற்கு அவர்கள் போட்டிருக்கும் திட்டம்: முதல் ஷாட்டுக்கு வகுப்புத் தோழர் ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிச் சாய்ந்து கேமராவைப் பிடிப்பார். தேருக்கு, கல்யாண வேலை பார்க்கும் அத்தை மகனின் டிரோன். கடைசி ஷாட்டுக்கு, தெருக்கோடியில் சுமார் நூறு மீட்டர் தள்ளி இருக்கும் ஊராட்சித் தண்ணீர்த் தொட்டி, அறுபது அடி உயரம். கையில் இருப்பது கல்லூரியின் கேனான் கிராப் சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன சென்சார்) கேமரா, 18-55 லென்ஸ், ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸ். துறைத் தலைவர் "பத்திரமா பண்ணுங்க" என்பதோடு முடித்துவிட்டாராம். அப்பா கூடவே கூடாது என்கிறாராம். தோழர் "என் சொந்தப் பொறுப்பில் ஏறுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்தே போட்டுக் கொடுத்துவிட்டார். "இதெல்லாம் போதும்தானே சார்? போன்ல எடுத்தா மார்க் குறையுமோன்னு வேற பயமா இருக்கு" என்று முடித்திருக்கிறார்.

போதாது ம்மா. ஆனால் உங்கள் மூன்று ஷாட்டில் இரண்டை, இன்னும் நன்றாகவே, யாரும் எதன் மேலும் ஏறாமல் எடுக்க முடியும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு

மேலே போகப் போகத்தான் டாப் ஆங்கிள் வலுவாக வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கேமரா எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்பதோடு, ஆள் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கோணம் தெரியும். கேமரா அவர் கண் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் மேலே இருக்கிறதோ, அத்தனையே மீட்டர் தள்ளி அவர் நின்றால் 45 டிகிரி. அதைவிடத் தள்ளிப் போனால் கோணம் சப்பையாகிக்கொண்டே போகும். உயரத்தைப் போல ஒன்றே முக்கால் மடங்கு தள்ளினால் 30 டிகிரிதான்.

இப்போது உங்கள் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அறுபது அடி என்றால் 18 மீட்டர். அவர் கண் மட்டம் ஒன்றரை மீட்டர். மிச்சம் 16.5 மீட்டர் உயரம், 100 மீட்டர் தூரம். கோணம் பத்து டிகிரிகூட வராது! உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி, கடைசியில் கிட்டத்தட்ட நேர்மட்ட ஷாட்டோடு இறங்கி வருவீர்கள். நடுவில் இருக்கும் வீட்டுக் கூரைகள், வேப்பமரம், டிஷ் ஆன்டெனா எல்லாம் தெருவை மறைக்கும். அது போக லென்ஸ். உங்கள் 50 மில்லிமீட்டரில் 100 மீட்டர் தூரத்தில் ஃபிரேமின் அகலம் மட்டுமே சுமார் 45 மீட்டர். அதில் உங்கள் நாயகி ஒரு புள்ளி. முகமோ புடவை நிறமோ ஒன்றும் தெரியாது. தெருவை மட்டும் ஃபிரேமில் நிறைக்க வேண்டுமென்றால் 450 மில்லிமீட்டருக்குக் குறையாத லென்ஸ் வேண்டும், காற்றில் ஆடும் தொட்டி விளிம்பில் அதை ஆடாமல் வேறு பிடிக்க வேண்டும்.

அதே தெருவில் ஒரு மாடி வீட்டின் முதல் தள ஜன்னலைப் பாருங்கள். அடித்தளம், தரைத்தளம் எல்லாம் சேர்த்து ஜன்னலில் வைக்கும் லென்ஸ் தரையிலிருந்து 5 மீட்டர் வரும். அவர் கண்ணிலிருந்து மூன்றரை மீட்டர் மேலே. நடுத்தெரு சுவரிலிருந்து 3 மீட்டர் என்று வைத்தால் கோணம் 45-க்கு மேலேயே வந்துவிட்டது. 18 மில்லிமீட்டரில் ஃபிரேம் அகலம் ஐந்தரை மீட்டர் கிடைக்கும், தெரு முழுசாக உள்ளே வந்துவிடும். நீங்கள் தேடிக்கொண்டிருந்த ஷாட் அதுதான்.

இந்தக் கணக்கைப் போட நோட்டில் ஒரு பக்கம் போதும். ஷாட் டிவிஷன் (எந்தெந்த ஷாட் என்று பிரித்து எழுதும் பட்டியல்) போடும்போதே ஒவ்வொரு டாப் ஆங்கிளுக்கும் பக்கத்தில் உயரம், தூரம், லென்ஸ் மூன்றையும் எழுதிப் பழகுங்கள். லொகேஷன் பார்க்கப் போகும்போது அளவு நாடாவும் போனும் கொண்டு போய், படமெடுக்கப் போகும் அதே நேரத்தில் ஒரு ஸ்டில் எடுத்து வாருங்கள். பாதி ஷாட்களுக்கு ஏற வேண்டிய தேவையே இல்லை என்பது அந்த ஸ்டில்லிலேயே தெரிந்துவிடும்.

தொட்டி, கயிறு, கையெழுத்து

தொட்டி படத்துக்கே உதவாது என்று மேலே பார்த்தோம். இருந்தாலும் அடுத்த வருஷம் வேறு யாராவது இதே யோசனையோடு வருவார்கள், அதனால் சொல்லி வைக்கிறேன். மேல்நிலைத் தொட்டி ஏணிகள் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஊராட்சி ஆள் ஏறுவதற்காகப் போட்டவை. துருப்பிடித்த படி எது என்று அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. தொட்டியின் அடிவயிற்றில் மலைத்தேனீ கூடு கட்டியிருப்பதை நம் பக்கத்தில் சாதாரணமாகப் பார்க்கலாம். ஏணியில் பாதி வழியில் இருக்கும்போது அது கலைந்தால் எங்கே போவீர்கள்? ஊருக்கே குடிதண்ணீர் போகும் தொட்டி என்பதால் ஊராட்சி அனுமதி இல்லாமல் ஏறுவது அத்துமீறல். கல்லூரியின் போனஃபைடு கடிதம் நீங்கள் மாணவர்தான் என்பதைச் சொல்லும், அவ்வளவே. இடத்துக்கான அனுமதியை இடத்துக்குப் பொறுப்பானவர்தான் தர வேண்டும். வீடு என்றால் வீட்டுக்காரர், கோயில் என்றால் செயல் அலுவலர். தெருவில் கூட்டம் சேரும் என்றால் காவல் நிலையத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிடுவது நல்லது.

அப்புறம் அந்த இடுப்புக் கயிறு. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் பயமுறுத்தியது அதுதான். இடுப்பில் சுற்றிய கயிற்றில் ஒரு ஆள் விழுந்து தொங்கினால் அந்த அதிர்ச்சி முழுக்க வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும், கயிறு நழுவி மார்புக்கு ஏறினால் மூச்சும் நின்றுபோகும். கயிற்றின் மறுமுனையை எதில் கட்டுவீர்கள்? சின்டெக்ஸ் தொட்டியின் குழாயிலா, துணி காயப்போடும் கம்பியிலா? "சரி, கடையில் ஃபுல் பாடி ஹார்னஸ் (தோள், மார்பு, தொடை எல்லாம் பிடிக்கும் பாதுகாப்புப் பட்டை) வாங்கிவிடுகிறோம்" என்று அடுத்த மெயில் வரும், எனக்குத் தெரியும். அதிர்ச்சி தாங்கும் பட்டையோடு வரும் சாதாரண ஹார்னஸ் கயிறு 1.8 மீட்டர். விழும்போது அந்தப் பட்டை இன்னொரு மீட்டர் விரியும், கீழே ஆளின் உயரம், அதற்கும் கீழே கொஞ்சம் இடைவெளி, எல்லாம் சேர்த்தால் ஐந்தரை ஆறு மீட்டர் வெற்றிடம் வேண்டும். தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டு மொட்டை மாடியிலிருந்து விழுகிறவரைக் கயிறு பிடிப்பதற்குள் தரை பிடித்துவிடும். இன்னும் உயரமான கட்டிடம் என்றால், தொங்குகிறவரைச் சில நிமிடத்துக்குள் மேலே இழுக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அது பயிற்சி எடுத்தவர்கள் வேலை. மாணவர் படத்தில் ஹார்னஸ் தேவைப்படும் ஷாட் வந்துவிட்டால், அந்த ஷாட்டைத்தான் மாற்ற வேண்டும்.

உயரம் என்றால் பெரிய உயரம் என்றும் நினைக்காதீர்கள். 2024 ஜூலையில் சென்னையில் ஒரு படப்பிடிப்பில் சண்டைக் கலைஞர் ஒருவர் இருபது அடி உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். வாழ்க்கை முழுக்க விழுவதையே தொழிலாகக் கற்றவர் அவர். அதற்கு முன் 2020 பிப்ரவரி 19 அன்று இரவு பூந்தமல்லி பக்கம் ஒரு பெரிய தளத்தில் விளக்குத் தூக்கிய கிரேன் சாய்ந்து மூன்று பேர் போனார்கள். அங்கே பணத்துக்கோ அனுபவசாலிகளுக்கோ குறைவில்லை. உங்கள் தோழருக்கு உயரம் என்றால் பயமே இல்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். என் யூனிட்டில் அப்படிச் சொல்கிற பையனை மேலே அனுப்பவே மாட்டேன், கீழே நின்று கூட்டத்தை விலக்கச் சொல்வேன்.

கையெழுத்து விஷயம். நான் வக்கீல் இல்லை, ஆனால் செட்டில் இது அடிக்கடி வரும் கேள்வி என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன். "என் சொந்தப் பொறுப்பு" என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் உங்கள் பொறுப்பு போய்விடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 106ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கானது. மற்றவர் உயிருக்கு ஆபத்து தரும் செயலுக்குத் தனியாக 125ஆம் பிரிவு இருக்கிறது. ஆபத்து என்று தெரிந்துதான் எழுதி வாங்கினீர்கள் என்பதற்கு அந்தக் காகிதமே சாட்சியாகிவிடவும் வாய்ப்புண்டு. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, துறைத் தலைவரிடம் மூன்று ஷாட்டும் எங்கே, எப்படி, யார் பொறுப்பில் எடுக்கிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து, பார்த்ததற்கு அவர் கையெழுத்தை வாங்குங்கள். ப்ராஜெக்ட் கல்லூரி கொடுத்த வேலை, "பத்திரமா பண்ணுங்க" என்ற ஒரு வார்த்தையோடு அவர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. மாணவர்களுக்கு விபத்துக் காப்பீடு எடுத்திருக்கிறார்களா, வளாகத்துக்கு வெளியே நடந்தால் செல்லுமா என்றும் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. யாராவது "ஏறினால்தான் மார்க்" என்றால் மறுப்பதும் உங்கள் உரிமை.

டிரோன்: சின்னதுக்கும் சட்டம் உண்டு

"சின்ன டிரோன், லைசென்ஸ் வேண்டாமாம்" என்று அத்தை மகன் சொன்னதில் பாதி உண்மை. 2021 டிரோன் விதிகளில் 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவை ஓட்ட பைலட் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோவைக் காசு வாங்காத வேலைக்கு ஓட்டினாலும் தேவையில்லை. ஆனால் கல்யாணத்துக்குக் காசு வாங்கி மைக்ரோ ஓட்டுகிறவர் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். பெரிய பேட்டரி போட்டு எடை 250-ஐத் தாண்டினால் அது நானோவும் இல்லை. முதல் வேலையாகச் சமையலறைத் தராசில் பேட்டரியோடு வைத்து எடை பாருங்கள். அடுத்து, மைக்ரோ என்றால் பதிவு எண் இருக்கிறதா, மூன்றாம் நபர் காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். வெளிநாட்டு டிரோன் இறக்குமதியை 2022 பிப்ரவரியிலேயே தடை செய்துவிட்டார்கள், அதற்குப் பிறகு யாரோ துபாயிலிருந்து பையில் போட்டுக் கொண்டுவந்தது என்றால் உங்கள் படத்தோடு அதைச் சேர்க்கவே வேண்டாம்.

சான்றிதழ் வேண்டாம் என்பதால் எங்கும் பறக்கலாம் என்றும் ஆகிவிடாது. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரைபடம் இருக்கிறது. பச்சையில் 400 அடி வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் அது 200 அடிதான், இன்னும் உள்ளே வந்தால் தரையிலிருந்தே அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசு அனுமதி இல்லாமல் நினைக்கவே கூடாது. கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரி இஸ்ரோ மையமும் இருக்கிற பக்கத்தில் வரைபடம் பார்க்காமல் டிரோனைக் கிளப்புவது சும்மா வம்பை விலைக்கு வாங்குவது. முக்கியப் புள்ளிகள் வருகை, திருவிழா போன்ற நாட்களில் மாவட்ட நிர்வாகம் தற்காலிகத் தடை போடுவதும் உண்டு. விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

சட்டம் எல்லாம் சரியாகவே இருந்தாலும், தேர்க்கூட்டத்துக்கு மேல் டிரோன் வேண்டாம் என்பேன். சீரியல் செட் வயர், தோரணக் கயிறு, வாணவேடிக்கை, கூட்டத்தில் ஆயிரம் போன் சிக்னல். இறக்கை ஒன்று உரசினால் நேராகக் கீழே இருப்பவர் தலைதான். காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், நூறு அடியிலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்கு 88 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். கோலத்துக்கு டிரோனை இறக்கலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். இறக்கிப் பாருங்களேன், அந்தக் காற்றில் கோலப்பொடி மொத்தமும் எதிர்வீட்டு வாசலுக்குப் போய்விடும்.

தேர் ஷாட்டை என்ன செய்யலாம்? என்னைக் கேட்டால் அதை டாப் ஆங்கிளாக எடுப்பதையே விட்டுவிடுங்கள். ஒதுங்கி நிற்கும் பெண்ணைக் கூட்டத்தின் தோள்களுக்கு நடுவே, கண் மட்டத்தில், நீளமான லென்ஸில் பார்த்தால் அவர் ஒதுக்கப்பட்டது மேலிருந்து பார்ப்பதைவிட நன்றாகப் புரியும். உயரம் வேண்டியே தீரும் என்றால் தெரிந்தவர் வீட்டு ஜன்னல். மாடி பால்கனியில் அன்றைக்கு ஊரே ஏறி நிற்கும், அங்கே நீங்களும் ஏறிக் கூட்டம் சேர்க்க வேண்டாம். சன்ஷேடில் இறங்கி நின்று எடுக்கிற பழக்கம் நம் ஊரில் நிறைய. மழைத் தண்ணீரைத் தடுக்கக் கட்டின பலகை அது, ஆளைத் தாங்கக் கட்டினது கிடையாது.

இனி எடுக்கிற விதம்

கடைசி ஷாட்டை முதலில் முடிப்போம். மாடி வீட்டு ஜன்னல், அதுவும் கம்பி போட்ட ஜன்னல்தான் மாணவர் படத்துக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த டிரைபாட். இரண்டு கம்பிகளுக்கு நடுவே லென்ஸை வையுங்கள், கேமரா பட்டையை உள்பக்கமாகக் கம்பியில் இரண்டு சுற்று சுற்றிக் கட்டுங்கள், அடியில் அரிசியோ மணலோ நிரப்பிய துணிப்பையை வைத்து அதன் மேல் கேமராவை அழுத்தி உட்காரவையுங்கள். ஆளும் விழ முடியாது, கேமராவும் விழாது. லென்ஸ் மூடி, ஃபில்டர் என்று கழன்று வரக்கூடியதையெல்லாம் ஜன்னலுக்கு வரும் முன்பே கழற்றி அறைக்குள் வைத்துவிடுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டால் கண்ணாடிப் பிரதிபலிப்புத் தொல்லையும் இருக்காது. வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்கும்போது ஃபிரேமையும் காட்டிவிடுங்கள். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடுபவர், முற்றத்தில் குளிப்பவர் யாரும் ஃபிரேமில் வரக்கூடாது. மேலிருந்து எடுக்கும் ஷாட்டில் அடுத்தவர் வீட்டு அந்தரங்கம் தெரியாமலே உள்ளே வந்துவிடும், அது சட்டப்படியும் பெரிய சிக்கல்.

இதில் கதை சார்ந்து ஒரு விஷயம். டாப் ஆங்கிள் என்றால் பலவீனம் என்று பாடத்தில் சொல்லியிருப்பார்கள், அதனால்தான் அவரைச் சின்னதாகக் காட்டணும் என்கிறீர்கள். ஆனால் உங்கள் கதையில் அந்த இடத்தில் அவர் ஜெயித்து நிற்கிறார் இல்லையா? அவரைச் சுற்றித் தெருவைக் காலியாக விட்டால் பாவமாகத் தெரிவார். அதே கோணத்தில் லென்ஸை 35-க்குக் கொண்டுபோய், காலடியில் கோலம் ஃபிரேமின் பாதியை நிறைக்கும்படி வைத்தால் அந்தத் தெருவே அவருடையது மாதிரி இருக்கும். இரண்டையும் எடுத்து வையுங்கள், எடிட்டிங்கில் முடிவு செய்யலாம்.

கோலம் ஷாட்தான் உண்மையில் கஷ்டமானது, ஏனென்றால் கேமரா நேர் மேலே இருக்க வேண்டும், கீழே நடிகை இருப்பார். இதற்குக் கல்லூரிக் கேமரா வேண்டாம். முக்கால் கிலோ எடை, தலைக்கு மேலே தொங்கவிட மனசு வராது. போனில் எடுங்கள். கோலம் வாசலில்தான் வருகிறது, அதற்கு நேர் மேலே முதல் மாடிக் கைப்பிடிச் சுவர் இருக்கிறது. பத்தடி நீளத்தில் நன்கு காய்ந்த மூங்கில் ஒன்றை எடுத்துச் சுவரின் மேல் குறுக்காகப் படுக்கவைத்து, நான்கடி மட்டும் வெளியே நீட்டுங்கள். உள்ளே இருக்கும் ஆறடியின் கோடியில் பத்து கிலோ மணல் மூட்டையை வைத்துக் கட்டி, நடுவில் இன்னொரு கட்டு, எல்லாம் சுவருக்கு உள்ளே. இதைக் கட்டும்போது மூங்கிலை முழுக்க உள்ளே வைத்துக்கொண்டு, போனைக் கிளாம்பில் மாட்டி, போன் கவரைத் துளைத்து ஒரு நைலான் கயிறு, கிளாம்பில் தனியாக இன்னொரு கயிறு, இரண்டையும் மூங்கிலில் வெவ்வேறு இடத்தில் முடிந்து, ரெக்கார்டிங்கை ஆரம்பித்துவிட்டு, அதன் பிறகு வெளியே தள்ளுங்கள். கிளாம்பு கழன்றாலும் போன் நாலு விரல்கடைக்கு மேல் இறங்கக்கூடாது. மாடிக்கு உள்ளேயே போனை இழுத்துப் பார்த்துச் சோதித்துவிட்டுத்தான் நடிகையைக் கீழே உட்காரச் சொல்ல வேண்டும். யாரும் சுவரைத் தாண்டி எட்டிப் பார்க்கத் தேவையே இல்லை, ஃபிரேம் சரியா என்று இன்னொரு போனில் திரையைப் பகிர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.

அந்தச் சுவர் தரையிலிருந்து 5 மீட்டர் என்று வைத்தால், சாதாரண போனின் மெயின் கேமராவில் ஸ்டெபிலைசேஷன் (ஆட்டத்தைக் குறைக்கும் வசதி) ஓரங்களை வெட்டியது போக அகலம் ஐந்தரை மீட்டருக்குக் கிட்ட, உயரம் மூன்று மீட்டர் கிடைக்கும். எட்டடிக் கோலம் தாராளமாக அடங்கும்.

கம்பியைப் பாருங்கள். இதை மட்டும் தனியாகச் சொல்கிறேன். நம் தெருக்களில் மின்கம்பி மாடி மட்டத்தில்தான் போகிறது. மூங்கில் முனையிலிருந்து எந்தப் பக்கம் அளந்தாலும் 3 மீட்டருக்குள் மின்கம்பி இருந்தால் அந்த வீடு வேண்டாம், வேறு வீடு பாருங்கள். அலுமினியக் கம்பம், செல்ஃபி ஸ்டிக், கார்பன் ஃபைபர் மோனோபாட் எல்லாமே மின்சாரம் கடத்தும். கார்பன் என்பதால் பிளாஸ்டிக் மாதிரி என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூங்கிலும் பனியில் நனைந்தால் கடத்தும், மார்கழி என்பதால் முதல் நாள் இரவு மாடியில் போட்டு வைக்காதீர்கள்.

மார்கழியில் உங்கள் பக்கம் சூரியன் ஆறரை மணி வாக்கில்தான் வரும். ஐந்து மணி இருட்டில் எடுத்தால் போனில் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும், மாடியில் பாசி பிடித்த தரையும் கண்ணுக்குத் தெரியாது. ஆறேகாலுக்கு ஆரம்பித்து ஏழுக்குள் முடித்துவிட்டு, கலர் கரெக்‌ஷனில் நீலம் ஏற்றி விடியற்காலை ஆக்கிக்கொள்ளலாம். வாசலில் சாணம் தெளித்து நன்றாக ஈரமாக்குங்கள், தரை கறுக்க கறுக்க வெள்ளைக் கோடு மேலிருந்து பளிச்சென்று தெரியும். வெயில் வந்துவிட்டால் மூங்கில் நிழல் கோலத்தின் குறுக்கே விழும், அதையும் முந்தின நாள் அதே நேரத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மடக்கு ஏணி தேவைப்பட்டால் உச்சி இரண்டு படியில் நிற்கக்கூடாது, கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ், ஓடு, தகரக் கூரை எதிலும் காலே வைக்கக்கூடாது, ஒல்லியான ஆளாக இருந்தாலும். வீட்டுக்குள் யாராவது பாயில் படுத்திருப்பதை நேர் மேலிருந்து காட்டும் ஷாட் இருந்தால், பாயையும் தலையணையையும் சுவரில் ஒட்டி நடிகரைச் சாய்த்து நிற்கவைத்து நேராக எடுங்கள். தலைமுடியும் புடவை மடிப்பும் கீழே தொங்காமல் பின் குத்திவிட்டால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். வெளிப்புறம் என்றால் உங்கள் பக்கம்தான் குளங்கள் இருக்கின்றனவே. கரை மேல் டிரைபாட் போட்டுவிட்டு நடிகையைக் கீழே வயல் பக்கம் நடக்கவிட்டால் பத்துப் பன்னிரண்டு அடி உயரம் இலவசம்.

படப்பிடிப்பு அன்று ஒருவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள். கிளாப் அடிப்பதும் டீ வாங்குவதும் அவருக்கு வேண்டாம். கீழே யாரும் குறுக்கே வராமல் பார்ப்பதும், ஏதாவது தப்பாகத் தெரிந்தால் "நிறுத்து" என்பதும்தான் அவர் வேலை, அவர் சொன்னால் இயக்குநரான நீங்களும் நிறுத்த வேண்டும். உயரத்துக்குப் பயப்படாத அந்தத் தோழரை இதற்குப் போட வேண்டாம், கொஞ்சம் பயப்படுகிற ஆளாகப் பாருங்கள். பக்கத்து ஆஸ்பத்திரி எது, 108 வந்தால் தெருவுக்குள் நுழைய வழி இருக்கிறதா என்பதையும் லொகேஷன் பார்க்கும்போதே பார்த்துவிடுங்கள். முந்தின இரவு முழுக்க முழித்திருந்துவிட்டு விடியற்காலை மாடி ஏறாதீர்கள். உங்கள் வயசில் இது நடக்கிற விஷயம் என்பதால் சொல்கிறேன்.

அப்பாவிடம் இந்தப் புதுத் திட்டத்தைக் காட்டுங்கள். அவர் மறுத்தது தொட்டியையும் கயிற்றையும்தான், படத்தை இல்லை என்று நினைக்கிறேன். முடிந்தால் அந்த மணல் மூட்டைக் கட்டை அவரையே போடச் சொல்லுங்கள், நம் அப்பாக்களுக்கு முடிச்சுப் போடத் தெரியும்.

மார்க் கேள்வி. போனில் எடுத்தது தெரிந்தால் தானே குறைப்பார்கள்! மற்ற ஷாட்களோடு ஒட்டிப்போனால் தெரியாது. கல்லூரிக் கேமராவில் நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் போனிலும் 25 வையுங்கள், 30-இல் எடுத்து மாற்றினால் கை அசைவு துள்ளும். 4கே-யில் எடுத்தால் கோலத்தை நடுவுக்குக் கொண்டுவர எடிட்டிங்கில் இடம் கிடைக்கும். எக்ஸ்போஷர், ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர் வெள்ளைப் பொடியை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் படம் இருண்டு வெளுக்கும். போனை ஏர்பிளேன் மோடில் போட்டு வைஃபையை மட்டும் திரும்ப ஆன் செய்யுங்கள், ஷாட் நடுவில் மூங்கில் நுனியில் அம்மா போன் வந்தால் யாரும் எடுக்க முடியாது.